சனிக்கிழமை இரவு எட்டரை மணி



மார்கழி மாதம் வன்னியில் மழைக்காலம். இரணைமடு வான் பாயுமா, காலபோக வயல் தாழ்ந்து போகுமா, கூரைத் தகரம் இந்தக் காற்றைத் தாங்குமா என்பதே எங்கள் கவலை. இதே மாதத்தில் எங்கள் பிள்ளைகளும் சகோதரர்களும் கணவன்மாரும் இருக்கின்ற நாடுகளில் பனிக்காலம். தொலைபேசியில் இரண்டு பருவங்களும் சந்தித்துக்கொள்கின்றன. "அங்கை மழையோ அம்மா?" "ஓம் தம்பி, அங்கை ஸ்நோவோ?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் பிறகு பேச்சு எங்கே போகிறது என்பதைப் பற்றித்தான் இம்முறை எழுத நினைத்தேன்.

வீடுகளுக்குப் போகும்போது நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. முல்லைத்தீவுக் கரையோர ஊரொன்றில் ஒரு தாய் இப்படிச் சொன்னார்: "மிஸ், கிழமைக்கு ஒருக்கால்தான் எடுக்கிறான். எடுத்தாலும் ஐஞ்சு நிமிசம். அதிலையும் பாதி பந்துக் கதை. ஆர்சனலாம், லிவர்பூலாம். நான் கடனைப் பற்றி வாய் திறந்தால், மட்ச் தொடங்கப்போகுது அம்மா, பிறகு எடுக்கிறன் எண்டு வைச்சிடுறான். அவனுக்குப் பந்துதான் பெரிசு."

இதே முறைப்பாட்டைக் கிளிநொச்சியில் ஒரு தங்கையிடமும், வவுனியாவில் ஒரு மனைவியிடமும் கேட்டிருக்கிறேன். நாடுதான் வேறு, கழகம்தான் வேறு. கோபம் ஒன்றுதான்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கணவனை இழந்தவள், இரண்டு பிள்ளைகளையும் இழந்தவள், எஞ்சிய ஒருவனையாவது காப்பாற்றுவோம் என்று காணி உறுதியை ஈடு வைத்து ஏஜென்சிக்குக் காசு கட்டியிருக்கிறாள். தாலிக்கொடி அடகுக் கடையில் இருக்கிறது. நுண்கடன் கட்டும் நாள் கிழமை தவறாமல் வாசலுக்கு வருகிறது. அந்த நேரத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் கோல் அடித்த கதையைக் கேட்க எந்தத் தாய்க்குப் பொறுமை இருக்கும்? ஆனால் அந்த ஐந்து நிமிடத்துக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

முதலாவது, அந்தப் பந்து வெளிநாட்டில் கிடைத்த சாமான் அல்ல. இங்கிருந்து போனது. முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்து முடிந்த பின்னேரங்களில் மணலில் உதைத்த பந்து அது. உருத்திரபுரம் போன்ற குடியேற்றத்திட்ட ஊர்களில் அறுவடை முடிந்த வயலில், ஒட்டுக்கட்டை காலில் குத்தக் குத்த ஓடிய ஓட்டம் அது. 2009இன் பின் மெனிக் பாம் முகாமில் கூடாரங்களுக்கு நடுவே, பொலித்தீன் பைகளைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி உதைத்த பிள்ளைகளில் அவனும் ஒருவன். அந்த முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. பிள்ளைகள் வெவ்வேறு திசையில் போனார்கள். வீடு, காணி, படிப்பு, கூட்டாளிகள் எல்லாவற்றையும் விட்டுப் போனவன், கையில் பாரமில்லாமல் கொண்டுபோக முடிந்தது இந்த ஆசை ஒன்றைத்தான்.

இனி அவனுடைய பனிக்காலத்தைப் பார்ப்போம். மார்கழி பிற்பகுதியில் எங்களுக்குப் பகல் பதினொன்றரை மணித்தியாலத்துக்குக் குறைவதில்லை. லண்டனில் அது எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. காலை எட்டு மணிக்கு விடிந்து பின்னேரம் நாலு மணிக்கு முன் இருண்டுவிடும். ஒஸ்லோவில் ஆறு மணித்தியாலம்தான். நோர்வேயின் வடக்கே துரொம்சோ என்ற நகரத்தில் நவம்பர் பிற்பகுதியில் இருந்து சனவரி நடுப்பகுதி வரை சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பி வரும்போதும் இருட்டு. பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை செய்பவனுக்குப் பகல் என்பது யன்னல் சீலைக்கு வெளியே நடந்து முடியும் ஒரு விடயம். வீட்டில் நாலு பேர் இருந்தாலும் நாலு பேருக்கும் வேலை நேரம் வேறு. ஒருவன் எழும்பும்போது மற்றவன் படுப்பான். ஒரு கிழமையாகச் சமையலறையில் ஒருவரையொருவர் காணாமல் இருப்பதும் உண்டு.

ஒன்றைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும். இங்கிலாந்தின் பெரிய கழகங்களின் மைதானங்களில் புல்லுக்கு அடியில் சுடுநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. நிலம் உறைந்து ஆட்டம் நின்றுவிடக் கூடாது என்பதற்காகப் புல்லைச் சூடாக வைத்திருக்கிறார்கள். எங்கள் பொடியன்கள் இருக்கும் பல அறைகளில், காசு போட்டால்தான் ஓடும் மீற்றர் இருக்கிறது. காசு முடிந்தால் ஹீட்டரும் நின்றுவிடும். போர்வைக்குள் இருந்தபடி கைத்தொலைபேசியில் அந்தச் சூடான புல்லைப் பார்த்துக்கொண்டிருப்பவன்தான் உங்கள் மகன்.

மைதானத்துக்குப் போய்ப் பார்க்கலாமே என்று நினைப்பீர்கள். பெரிய கழகங்களின் நுழைவுச்சீட்டு, அதுவும் கிடைத்தால், ஒரு நாள் கூலியில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். இன்னொரு விசித்திரமும் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களை இங்கிலாந்தில் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டுவதில்லை. சின்னக் கழகங்களின் மைதானங்களுக்குச் சனம் போகாமல் விட்டுவிடும் என்று 1960களில் இருந்து வைத்திருக்கும் ஏற்பாடு அது. ஆனால் அதே ஆட்டம் வேறு நாடுகளில் தெரியும். லண்டனில் மூன்று மணி என்றால் எங்களுக்கு இரவு எட்டரை. மைதானத்தில் இருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கிற அண்ணன் ஆட்டத்தைக் காணாமல் இருக்க, கடல் கடந்து இருக்கும் தம்பி கிளிநொச்சியில் தொலைக்காட்சி முன்னால் இருந்து, "அண்ணா, இப்ப கோர்னர் அடிக்கிறாங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நானே கண்டிருக்கிறேன். அந்தத் தாய்க்கு அது வீண் பேச்சாகத் தெரிந்தது. எனக்கு, ஒரே திண்ணையில் இருந்து இரண்டு பொடியன்கள் கதைப்பது போலத் தெரிந்தது.

நோர்வேயின் கதை இன்னும் பழையது. குருநகரைச் சேர்ந்த அன்ரனி ராஜேந்திரம் 1956இல் அங்கே போய் மீன்பிடித் தொழிலைக் கற்றார். பிற்பாடு காரைநகரில் சீநோர் தொழிற்சாலை உருவாக அவரே காரணமாக இருந்தார். 1980களில் போன எங்கள் இளைஞர்கள் பலர் வடகோடியில் உள்ள பின்மார்க் மாகாணத்து மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கடல் தெரிந்த எங்கள் ஆட்களுக்கு மீன் புதிதல்ல, இருட்டும் குளிரும்தான் புதிது.

அந்த நாட்டின் சொந்த உதைபந்தாட்டப் போட்டிகள் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தோடு முடிந்துவிடும். பனியில் ஆட முடியாது. அதனால் 1969 நவம்பர் 29ஆம் திகதி முதல் அந்நாட்டுத் தேசியத் தொலைக்காட்சி பனிக்காலச் சனிக்கிழமைகளில் இங்கிலாந்து ஆட்டமொன்றைக் காட்டத் தொடங்கியது. முதல் நாள் ஆடியவை வூல்வர்ஹாம்ப்டன், சண்டர்லாந்து என்ற கழகங்கள். அன்று தொட்டு நோர்வேக்காரர்கள் பலர் தாங்கள் ஒருநாளும் கண்டிராத ஆங்கில நகரங்களின் கழகங்களுக்குப் பரம்பரை பரம்பரையாக ஆதரவாளர்களாக இருக்கிறார்கள். இருண்ட மாதங்களைக் கடத்த அந்த நாட்டுச் சனத்துக்கே பக்கத்து நாட்டுப் பந்து தேவைப்பட்டிருக்கிறது. வன்னியில் இருந்து போனவனுக்குத் தேவைப்படாதா?

வேலைத்தலத்தில் அந்த நாட்டவரோடு பேச அவனுக்கு மொழி போதாது. ஆனால் திங்கட்கிழமை காலையில் ஒரு கழகத்தின் பெயரைச் சொல்லித் தலையை ஆட்டினால் எதிரே நிற்பவன் சிரிப்பான். சில இடங்களில் எங்கள் ஆட்கள் உள்ளரங்க மண்டபங்களை வாடகைக்கு எடுத்துப் பனிக்காலத்திலும் கிழமைக்கு ஒருநாள் ஆடுகிறார்கள். கோடை வந்தால் பழைய மாணவர் சங்கங்களின் சுற்றுப்போட்டிகள் நடக்கும். அந்த ஒரு நாளில்தான் அவன் "கிளீனர்" ஆகவோ "கேஸ் நம்பர்" ஆகவோ இல்லாமல், இன்ன ஊர் இன்னாரின் மகன் என்று அறியப்படுகிறான்.

"கேஸ்" என்றேன். எங்கள் தாய்மார் பலருக்கு விளங்காமல் இருக்கும் இடம் இதுதான். இங்கிலாந்தில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருப்பவர், பொதுவாக, வேலை செய்ய அனுமதி இல்லாதவர். 2024இல் அப்படியானவருக்கு, தானே சமைத்துச் சாப்பிடும் விடுதியில் இருந்தால், அரசாங்கம் கொடுத்த படிக்காசு கிழமைக்கு 49 பவுண் 18 பென்ஸ். சாப்பாடு, உடுப்பு, பஸ், தொலைபேசி எல்லாம் அதற்குள்தான். முடிவு வர மாதக்கணக்கும் ஆகலாம், வருடக்கணக்கும் ஆகலாம். அவனிடம் "காசு எப்ப அனுப்புவாய்?" என்று கேட்டால் என்ன மறுமொழி சொல்வான்? "கேஸ் என்ன மாதிரி?" என்றால் என்ன சொல்வான்? "சாப்பிட்டியோ?" என்றால் ஓம் என்பான். "குளிருக்கு உடுப்பு இருக்கோ?" என்றால் அதற்கும் ஓம் என்பான். பாதி பொய். தாய்க்குப் பொய் சொல்லிச் சொல்லிக் களைத்துப்போன பிள்ளை, பொய் சொல்லாமல் பேசக்கூடிய ஒரே விடயத்தைத் தேடுகிறான். நேற்று ஆர்சனல் இரண்டுக்கு ஒன்று வென்றது என்பது உண்மை. அதை அவன் நிமிர்ந்து சொல்லலாம்.

அந்த முல்லைத்தீவுத் தாயிடம் இதைச் சொன்னபோது அவர் கன நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப அவன் தோத்துப்போச்சு எண்டு சொல்லுற நாளிலை குரல் ஒரு மாதிரித்தான் இருக்கும், மிஸ்" என்றார். தாய்க்குக் காது இருக்கிறது. அந்தக் காது இவ்வளவு நாளும் கடன் கணக்கை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் ஒரு திகதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மார்கழி 26. இங்கிலாந்தில் நத்தாருக்கு மறுநாள். விடுமுறை. குடும்பம் குடும்பமாக மைதானத்துக்குப் போவது அவர்களுக்கு நூறு வருடத்துக்கு மேலான வழக்கம். எங்களுக்கு அந்தத் திகதி வேறு. 2004ஆம் ஆண்டு மார்கழி 26 ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் எழும்பி வந்தபோது இங்கிலாந்தில் அதிகாலை மூன்று மணியளவு. முல்லைத்தீவு மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 3,000 உயிர்கள் போயின. அன்று பகலும் இங்கிலாந்தில் ஆட்டங்கள் வழமைபோல நடந்தன.

கரையோரத்துச் சகோதரி ஒருவர் அன்று தாயையும் கைக்குழந்தையையும் இழந்தார். அவருடைய அண்ணன் லண்டனில். வருடா வருடம் அந்த நாளில் மட்டும் அண்ணன் தொலைபேசி எடுப்பதில்லை. அம்மாவின் நாளையே மறந்துவிட்டார் என்று இவர் பல வருடம் மனதுக்குள் வைத்திருந்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார். அண்ணன் சொன்னாராம்: அன்று இரவு வேலை முடிந்து வந்து படுத்து, பின்னேரம் எழும்பி, ஆட்டம் பார்க்கவென்று தொலைக்காட்சியைப் போட்டபோதுதான் செய்தியில் கடலைக் கண்டாராம். அதன் பின் மற்ற நாட்களில் பந்து பார்ப்பார், அந்த நாளில் மட்டும் பார்ப்பதில்லை. கடை, தெரு, பக்கத்து வீடு எல்லா இடத்திலும் அன்று ஆட்டச் சத்தம் கேட்கும். யாரோடும் பேச வராது. இப்போது அந்தச் சகோதரி அன்று காலை கடற்கரையில் விளக்கு ஏற்றிவிட்டு, அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். ஒரு சொல்லும் எழுதுவதில்லை. அண்ணனும் ஒரு சொல்லும் எழுதுவதில்லை. ஆனால் பார்த்துவிட்டார் என்று இரண்டு நீலக் கோடு விழும். அது போதும் என்கிறார்.

நோர்வேயில் இருக்கும் இன்னொருவரின் தங்கை எனக்குச் சொன்னது இது. 2009 சனவரியில் கிளிநொச்சி கைமாறிய நாள் தொட்டு மே வரை வீட்டாரின் குரலே கேட்காமல் இருந்தார் அந்த அண்ணன். சனிக்கிழமைகள் வந்து போயின. அந்தப் பருவத்தில் யார் சம்பியன் ஆனார்கள் என்று அவருக்கு இன்றும் தெரியாதாம், அறிந்துகொள்ள விருப்பமும் இல்லையாம். நான் தேடிப் பார்த்தேன். மன்செஸ்டர் யுனைட்டெட். அவருடைய சொந்தக் கழகம். பந்துதான் பெரிசு என்று நாங்கள் சொல்கிற ஆட்கள் இவர்கள்தான்.

மார்கழி 26க்கு இன்னொரு கதையும் உண்டு. அது பெண்களின் கதை. முதலாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரத் தொழிற்சாலையொன்றில் குண்டு செய்யும் வேலைக்கு எடுக்கப்பட்ட பெண்கள் 1917இல் ஓர் உதைபந்தாட்ட அணியை அமைத்தார்கள். டிக் கெர் பெண்கள் அணி என்று பெயர். போரில் காயப்பட்டவர்களுக்கு உதவப் பணம் திரட்டி ஆடினார்கள். 1920 மார்கழி 26இல் லிவர்பூல் நகரத்துக் குடிசன் பார்க் மைதானத்தில் அவர்கள் ஆடியதைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். உள்ளே போக இடமில்லாமல் ஆயிரக்கணக்கானோர் திரும்பிப் போனார்கள். மறு வருடம், 1921 மார்கழி 5இல், பெண்களுக்கு இந்த விளையாட்டுப் பொருந்தாது என்று சொல்லி, தங்கள் மைதானங்களைப் பெண்களுக்குக் கொடுக்கக் கூடாதென ஆங்கில உதைபந்தாட்டச் சங்கம் தடை போட்டது. அந்தத் தடை நீங்க 1971 ஆயிற்று. போர் நடக்கும்போது பெண்ணின் கை வேண்டும், போர் முடிந்தால் அடுப்படிக்குப் போ என்பது எங்களுக்கு மட்டும் சொல்லப்பட்டதல்ல. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் தேசிய மட்டத்தில் வென்று காட்டிய இந்தக் காலத்தில், உங்கள் மகளும் பந்தைத் தொட்டால் தடுக்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் மாமனோடு பேச அவளுக்கும் ஒரு விடயம் கிடைக்கும்.

எல்லாப் பந்துக் கதையும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. பொறுப்பைத் தட்டிக் கழிக்கப் பந்தைச் சாட்டுபவர்களும் உண்டு. மனைவி பிள்ளைகளை மறந்தவர்களும் உண்டு. அதைவிட ஆபத்தான ஒன்று, பந்தயம். எந்த அணி வெல்லும், யார் முதலில் கோல் அடிப்பார் என்றெல்லாம் கைத்தொலைபேசியில் காசு கட்டலாம். கழகங்களின் சட்டை முன்பக்கத்திலேயே பந்தய நிறுவனங்களின் பெயர் இருந்து வந்தது. 2025-26 பருவ முடிவோடு அதை நிறுத்த இங்கிலாந்தின் முதல்தரக் கழகங்கள் 2023இல் உடன்பட்டன. தனிமையும் குளிரும் கடனும் உள்ளவன் ஒரே நாளில் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்று நினைப்பது இலகு. பேச்சில் ஆட்டத்தை விட "இவ்வளவு வரும்" என்ற கணக்குக் கூடினால், திடீரென்று காசு வந்து திடீரென்று நின்றால், கூட்டாளிமாரிடம் கைமாற்று வாங்குகிறான் என்று கேள்விப்பட்டால், மெதுவாகக் கேளுங்கள். ஏசினால் மறைப்பான்.

சரி, நாங்கள் என்ன செய்யலாம்? சில வீடுகளில் நான் கண்டு பயன் தந்தவற்றைச் சொல்கிறேன்.

அவனுடைய கழகத்தின் பெயரைப் பாடமாக்கி வைத்திருங்கள். அடுத்த முறை எடுக்கும்போது, "உன்ரை ஆக்கள் வெண்டவங்களோ?" என்று நீங்கள் முதலில் கேளுங்கள். அவன் இரண்டு நிமிடம் பேசட்டும். கடனைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். ஆனால் அதற்கென்று வேறொரு நாளைச் சொல்லி வையுங்கள். மாதத்தில் முதல் ஞாயிறு கணக்குப் பேசும் நாள், மற்ற நாள் சும்மா பேசும் நாள் என்று ஒரு குடும்பம் வைத்திருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை இப்போது கிழமைக்கு மூன்று தரம் எடுக்கிறான்.

நேர வித்தியாசத்தையும் அறிந்து வையுங்கள். பனிக்காலத்தில் லண்டன் எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னால், நோர்வேயும் சுவிசும் நாலரை, ரொறன்ரோ பத்தரை. எங்கள் காலை எட்டு மணி லண்டனில் நடுச்சாமம் இரண்டரை. எடுக்கவில்லை என்று குறை நினைக்க முதல், அவன் நித்திரையோ வேலையோ என்று கணக்குப் பாருங்கள்.

முக்கியமானது இது. எப்போதும் பந்தைப் பற்றிப் பேசியவன் பேசாமல் விட்டால் கவனியுங்கள். "பார்க்கேல்லை", "மனமில்லை", "அதெல்லாம் விட்டிட்டன்" என்று சொன்னால், அது திருந்திய பேச்சு என்று சந்தோசப்படாதீர்கள். நித்திரை வருகிறதா, சாப்பிடுகிறானா, யாரோடு இருக்கிறான் என்று கேளுங்கள். பக்கத்தில் இருக்கும் உறவினர் ஒருவரை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். மனம் உடைந்தவர் பேசுவதற்கென இங்கிலாந்தில் 116 123 என்ற இலவச இலக்கம் நாள் முழுவதும் இயங்குகிறது. இங்கே உங்களுக்கு மனம் தாங்காவிட்டால் 1926 என்ற தேசிய உளநல இலக்கத்துக்கு எடுக்கலாம். பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்டுப் போகலாம். தொடர்பே அறுந்துபோன உறவுகளைத் தேட செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளையில் விபரம் கொடுக்கலாம். அதற்குக் காசு வாங்குவதில்லை.

சென்ற மாதம் அந்த முல்லைத்தீவுத் தாயின் வீட்டுக்குப் போனேன். கடன் அப்படியேதான் இருக்கிறது. மகனின் கேஸும் முடியவில்லை. ஆனால் சுவரில் தொங்கிய கலண்டரில் சனிக்கிழமைகளில் எல்லாம் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. என்ன அம்மா என்று கேட்டேன். "எட்டரைக்கு அவன்ரை மட்ச். முடிய எடுப்பான். வெண்டால் நேரத்தோடை எடுப்பான், தோத்தால் சுணங்கும். நான் முழிச்சிருக்க வேணும்" என்றார்.

உங்கள் வீட்டுப் பிள்ளை எந்தக் கழகம்? கேட்டு எழுதுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.